குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும்போது மூளையை எப்படிப் பாதுகாக்கிறார்கள்? பிற்பாடு படிப்பு பாதிக்குமா?

கேட்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நான் டாக்டர் இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறந்த ஒரு பையனின் அம்மா. பிறந்த சில நாட்களிலேயே அவனுக்கு ஆபரேஷன் ஆனது.

இதயம் நின்றிருக்கும்போது இதய-நுரையீரல் எந்திரம் ரத்தத்தை ஓட்டும். உடம்பைக் குளிரவைப்பார்கள், குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் குறைவாகப் போதும். சில சிக்கலான கேஸ்களில் 18 டிகிரி அளவுக்கு இறக்கி, ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்துவதுண்டு. அப்போதும் மூளைக்கு மட்டும் ரத்தம் அனுப்பும் முறை இருக்கிறது. நெற்றியில் ஒட்டும் சென்சார், மூளையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டிக்கொண்டே இருக்கும். திரும்பச் சூடேற்றுவதையும் நிதானமாகத்தான் செய்வார்கள், சூடு மிஞ்சினால் மூளைக்குக் கெடுதல். இதில் எதையெல்லாம் உங்கள் குழந்தைக்குச் செய்யப்போகிறார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

ஆனால் தியேட்டரோடு விஷயம் முடிவதில்லை. என் மகன் பேசியது தாமதம். பள்ளியில் கணக்கு புரியும், ஆனால் இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். "சோம்பேறி, கவனமே இல்லை" என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார். எனக்கு இன்னும் ஆறவில்லை. பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை இதே ஆபரேஷன் ஆன குழந்தைகளைப் பதினாறு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். சராசரி அறிவுத்திறன் இயல்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் படிப்பிலோ நடத்தையிலோ கூடுதல் உதவி தேவைப்பட்டிருக்கிறது. சோம்பேறித்தனம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியுமா?

"பயமுறுத்தாதீங்க" என்று யாராவது வருவார்கள். பயமுறுத்தவில்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் என் பிள்ளை இல்லை. டாக்டர்களையும் குறை சொல்லவில்லை. இப்படிப் பிறக்கும் பல குழந்தைகளுக்கு வயிற்றில் இருக்கும்போதே மூளை வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருக்கும் என்று ஸ்கேன்களிலேயே தெரிகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது இதயத்துக்கு மட்டும் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வராதீர்கள். வளர்ச்சிப் பரிசோதனைக்கும் தேதி கேளுங்கள், பள்ளியில் சேர்க்கும் முன் இன்னொரு முறை செய்யுங்கள். பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கியதில் என் மகனுக்கு நிறைய வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம், "கர்ப்பமா இருந்தப்ப என்ன பண்ணினே?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள். அவன் அப்பாவிடம் இதுவரை ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. உங்களிடம் கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.