வாசகர் கேள்வி – பதில்: கதை கேட்க ஆள் தங்கவில்லையே?

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தில் உள்ளூர் எழுத்தாளர்கள் தங்கள் சிறுகதைகளை வாசிக்கிறார்கள். பாதியிலேயே பலர் எழுந்து போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: கதை நன்றாக இல்லை என்று முடிவுகட்டும் முன் கூட்டம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து கதைக்காரர் மைக்கைப் பிடிப்பதற்குள் வந்தவர்கள் களைத்துப்போயிருப்பார்கள். நேராகக் கதையில் தொடங்குங்கள். பொன்னாடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நீளம். ஆயிரம் சொல் கதையை நிதானமாக வாசிக்க எப்படியும் பத்து நிமிடம் ஆகும், அதற்கு மேல் போனால் ஒரு பகுதியை மட்டும் வாசித்துவிட்டு மீதியை வாய்மொழியாகச் சொல்லச் சொல்லுங்கள். கதையைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டுக் கொண்டுவரட்டும்; பத்திரிகையில் வந்த பொடி எழுத்தைக் குனிந்து படித்தால் குரல் மைக்குக்கே போய்ச் சேராது. உரையாடலை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே, கூச்சப்படாமல் வாசிக்க வேண்டும்.

உங்களுக்கு அது கைவராமல் போகுமா என்ன? பக்கத்து இடைசெவலில் பிறந்த இரண்டு பேர் சாகித்ய அகாதெமி விருது பெற்றிருக்கிறார்கள்: கு. அழகிரிசாமிக்கு அவர் மறைந்தபின் 1970இல், கி. ராஜநாராயணனுக்கு 1991இல். கரிசல் பேச்சை அச்சிலேயே காது கேட்கும்படி எழுதியவர் கி.ரா. அடுத்த கூட்டத்தில் அவர் கதை ஒன்றைப் பள்ளி மாணவர் யாரையாவது முதலில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டுப் பெரியவர்களும் கூடவே வருவார்கள்.