பொது வீதியில் கொம்பனி படலை போடலாமா?

கேள்வி: வாகரைப் பக்கம் எங்கள் கிராமம். ஏ-15 வீதியிலிருந்து ஊருக்குள் வரும் கிறவல் வீதியில் ஒரு கொம்பனி வேலைத்தளம் அமைத்து, படலை போட்டுப் பூட்டியிருக்கிறது. இரவு மகளுக்குப் பிரசவ வலி வந்தபோது 1990 அம்புலன்ஸ் படலையடியில் நின்றுவிட்டது. காவலாளியிடம் திறப்பு இல்லை. உழவு இயந்திரத்தில்தான் அவளைக் கொண்டுபோய் ஏற்றினோம். டிப்பர்கள் ஓடி மதகும் உடைந்துவிட்டது. கேட்டால், "இது எங்கட குத்தகைக் காணி" என்கிறார்கள்.

பதில்: அம்மா, குத்தகை என்றதும் பின்வாங்காதீர்கள். காணியை அரசு குத்தகைக்குக் கொடுத்தாலும், அதற்குள்ளால் போகும் பொது வீதி தனியார் வீதியாகிவிடாது. ஆகவே அது பொது வீதி என்பதைக் காட்டுவதில்தான் உங்கள் முழுப் பலமும் இருக்கிறது. பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் அது உண்டா, சபை எப்போதாவது கிறவல் போட்டுச் செலவு எழுதியதா, நில அளவைத் திணைக்களப் படத்திலும் குத்தகைப் படத்திலும் வீதி காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். மண்ணோ மணலோ ஏற்றுகிறார்கள் என்றால், அனுமதிப்பத்திர நிபந்தனைகளைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடமும் கேளுங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக்கே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். அம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, யார் கண்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். 1990க்கு எடுத்த அழைப்பு உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். பொது வழியை மறிக்கும் தடையை அகற்ற நிபந்தனைக் கட்டளையிடும் அதிகாரத்தைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு நீதவானுக்குத் தருகிறது. படலையை எடுக்க வேண்டும், அல்லது ஏன் எடுக்க முடியாது என்று கொம்பனி நீதிமன்றத்தில் வந்து காட்ட வேண்டும். அரசியல்வாதிகளுக்கு மனு எழுதி மாதங்களைக் கடத்துவதைவிட இந்த வழியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மதகு விடயத்தைத் தனிக் கடிதமாகச் சபைத் தவிசாளருக்குக் கொடுங்கள். ஒரே மனுவில் எல்லாவற்றையும் போட்டால் படலை பின்னுக்குப் போய்விடும்.

கோபத்தில் இளைஞர்கள் படலையை உடைக்கப் போனால் தடுங்கள். பிறகு வழக்கு அவர்கள் மேல்தான் வரும். இப்போதைக்குக் காவலாளியிடம் இரவும் பகலும் திறப்பு இருக்க வேண்டும் என்று கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதி இல்லையென்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்கு இந்தக் கடதாசிகளோடு போங்கள்.