சுவர் ஓவியம்: கேட்டீர்கள், சொல்கிறோம்

கே: பழைய நகரப் பகுதியில், வீட்டுக்காரர் சம்மதத்துடன், நூறாண்டுச் சுண்ணாம்புச் சுவரில் அக்ரிலிக் பெயின்டால் ஓவியம் வரைந்தோம். ஒரே வருடத்தில் கொப்புளம் விட்டு உரிந்துவிட்டது. மட்டமான பெயின்டா?

ப: பெயின்டின் மேல் பழி போடாதீர்கள். சுண்ணாம்புக் காரை தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் வழியே வெளியேவிடும். அக்ரிலிக் படலம் அந்த வழியை அடைக்கிறது. ஈரத்தோடு வந்த உப்பு, படலத்துக்குப் பின்னால் படிகமாகி, காரையையும் சேர்த்துப் பெயர்க்கிறது. சிமென்ட் பூசி ஒட்டுப்போட்டாலும் இதே கதிதான்.

இத்தகைய சுவருக்குச் சிலிகேட் பெயின்ட்தான் சரி. ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் வில்ஹெல்ம் கெய்ம் என்பவர் 1878இல் காப்புரிமை பெற்ற முறை இது. மேலே தோலாகப் படியாமல், காரையோடு வேதிவினை புரிந்து இறுகும். ஈரம் தடையின்றி வெளியேறும். ஆனால் பழைய அக்ரிலிக் முழுக்கப் போயிருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உறிஞ்சினால் சரி, முத்து முத்தாக உருண்டால் படலம் பாக்கி. புதிதாகப் பூசிய காரையை 4 வாரமாவது ஆறவிடுங்கள். பக்கத்து ஜன்னல் கண்ணாடியை மூடுங்கள். தெறித்தால் அரித்துவிடும், கறை போகாது.

சிக்கனமாக முடிக்க, பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பில் நிறமி கலக்கலாம். நிறமி, சுண்ணாம்பின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கையில் ஒட்டும். காவி, மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகள் நிற்கும்; பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் பழுப்பாகிவிடும். சுவரை நனைத்து, மெல்லிசாக 4, 5 கை அடியுங்கள். ஒரே கையில் தடிப்பாக அடித்தால் வெடிக்கும். அடிச்சுவர் நிரந்தர ஈரமென்றால், ஓவியத்தை அதற்கு மேலேயே தொடங்குவது புத்திசாலித்தனம்.

கே: ஸ்டென்சில் (உருவம் வெட்டிய அட்டை) வைத்து ஸ்ப்ரே அடித்தால், ஓரத்தில் பெயின்ட் கசிகிறது.

ப: அதிகம் அடிக்கிறீர்கள். ஸ்ப்ரே டப்பாவின் உள்ளே குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியபின் 2 நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தள்ளி, சுவருக்கு நேராகப் பிடித்து, இலேசாக இரண்டு தடவை. ‘க’, ‘ச’ போன்ற எழுத்துகளை வெட்டும்போது வளையத்தின் நடுத்துண்டு விழாதபடி சிறு பாலம் விட மறக்காதீர்கள். துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ளதே வேண்டும்.

கே: மணற்கல் தூணில் யாரோ ஸ்ப்ரே அடித்துவிட்டார்கள். தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

ப: வேண்டாம். தின்னர் பெயின்டைக் கரைத்துக் கல்லின் துளைகளுக்குள் இறக்கிவிடும்; நிழல்போன்ற கறை தங்கும். கம்பி பிரஷ், உயர் அழுத்த நீர், அமிலம் எல்லாமே கல்லைத் தின்னும். பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் படமெடுத்துப் பராமரிப்பாளரிடம் சொல்வதோடு நிறுத்துங்கள். மற்ற இடங்களில் ஜெல் வடிவப் பெயின்ட் நீக்கியை மறைவான மூலையில் சோதித்த பிறகே பூசுங்கள். முன்னதாக, அடியில் பழங்காலக் கீறல் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பண்டைய ரோமானிய நகரமான பாம்பேயில், சுவரில் கீறிய எழுத்துகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன!

இனி யாராவது ஸ்ப்ரே அடித்தாலும் கல்லில் ஒட்டாமல் தடுக்க, வெந்நீரில் கழன்றுவரும் மெழுகுப் பூச்சு போதும். பிளாஸ்டிக் போன்ற பாலியூரித்தேன் பூச்சு கல்லின் மூச்சை அடைக்கும். பழைய கல்லில் வேண்டாம். மெழுகை மட்டும் ஒவ்வொரு முறை கழுவியபின் திரும்பப் பூச வேண்டும்.