தொட்டால் ஒட்டும் டேஷ்போர்டு: துடைப்பதா, உரிப்பதா?

கேள்வி: என்னுடையது 2001-இல் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின், கியர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஏசி பட்டன்கள், நடு கன்சோல், கதவின் உள்கைப்பிடி மூன்றும் வெல்லப்பாகு தடவியதுபோல் பிசுபிசுக்கின்றன. நகம் பட்டால் கருப்பு வழன்று வருகிறது. ஷாம்பு போட்டுத் துடைத்தேன், டேஷ்போர்டு பாலிஷ் பூசினேன். ஒரு வாரத்தில் முன்பைவிட மோசம். பிளாஸ்டிக் உருகுகிறதா? பாகங்களை மாற்றித்தான் ஆக வேண்டுமா, வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பதில்: பிளாஸ்டிக் உருகவில்லை. அநேகமாக அது 2001-இல் இருந்த மாதிரியே கெட்டியாக உள்ளே இருக்கிறது. செத்துப்போனது அதன் மேல் பூசிய மெல்லிய தோல் மட்டும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சில ஆண்டுகள், விலை உயர்ந்த கார்களில் கெட்டிப் பிளாஸ்டிக்கைத் தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்று ‘சாஃப்ட் டச்’ பூச்சு அடித்தார்கள். ஃபெராரி 355, 360, 550 மாரனெல்லோ, அதே காலத்து மசராட்டிகள் எல்லாம் இந்தப் பிசுபிசுப்புக்குப் பெயர் போனவை. அந்தப் பூச்சு பாலியூரித்தேன் வகை. அதில் பல, காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். நீர் மூலக்கூறு உள்ளே போய் பூச்சின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டும். வெட்டுப்பட்ட இடத்தில் அமிலம் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகமாக்கும். அதனால்தான் பதினைந்து வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரே ஒரு மழைக்காலத்தில் எல்லாம் கெட்டுப்போனதுபோல் தெரிகிறது. பீரோவில் போடாமலே வைத்திருந்த ஷூவின் அடிப்பகுதி, எடுத்து மாட்டிய முதல் நாளே பொடிப்பொடியாக உதிருமே, அதுவும் பெரும்பாலும் இதே நோய்தான். வண்டியை ஓட்டாமல் உறை போட்டு மூடி வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஈரம் அடைபட்ட ஷெட் அதற்கு இன்னும் வசதி.

சங்கிலி அறுந்த பூச்சைத் திரும்ப ஒட்டவைக்கும் மருந்து கிடையாது. டால்கம் பவுடர் தூவினால் ஒரு நாள் ஒட்டாமல் இருக்கும், பிறகு சாம்பல் நிறச் சேறாகும். நீங்கள் பூசிய பாலிஷ் எண்ணெய்ப் பசையுள்ளது என்றால் பூச்சை மேலும் இளக்கியிருக்கும். அதில் சிலிக்கோன் இருந்தால் பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது தகராறு செய்யும், அதைக் கீழே சொல்கிறேன். ஆக, துடைப்பதை விட்டுவிடுங்கள். உரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் உரிக்க உதவும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் புட்டியைத் திறப்பதற்கு முன் பட்டன்களைப் பற்றி முடிவெடுங்கள். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பல கார்களில் பட்டனின் உடம்பு ஒளி ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக். அதன் மேல் கருப்புப் பூச்சு அடித்து, விசிறி, கண்ணாடி, அம்புக்குறி போன்ற படங்களை லேசரால் அந்தப் பூச்சில் வெட்டியிருப்பார்கள். பூச்சை உரித்தால் படமும் போய்விடும். இரவில் விளக்கைப் போட்டால் பட்டன் முழுக்க டியூப்லைட் மாதிரி எரியும். கண்டுபிடிக்க வழி எளிது: ஒரு பட்டன் மூடியை மெதுவாகக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ இருந்தால் லேசர் வெட்டுதான், கையை எடுத்துவிடுங்கள். கருப்பு உடம்பில் படம் மட்டும் வெள்ளையாக ஊடுருவி நின்றால் அது இரண்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்து வார்த்தது. அதைத் தாராளமாக உரிக்கலாம், படம் எங்கும் போகாது. உள்ளே முழுக் கருப்பு, வெளியே வெள்ளைப் படம் என்றால் அது வெறும் அச்சு. உரித்தால் அதுவும் போகும், ஆனால் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.

லேசர் வெட்டுள்ள பட்டன்களுக்கு என் யோசனை, இதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுத்துவிடுவது. அவர்கள் உரித்து, மறுபடி கருப்படித்து, படத்தை லேசரில் வெட்டித் தருவார்கள். காசு ஆகும். ஆனாலும் புதிய ஸ்விட்ச் தொகுதி வாங்குவதைவிட இது புத்திசாலித்தனம். பழைய ஸ்டாக்கில் கிடைக்கும் ‘புதிய’ பாகத்திலும் அதே வயதுப் பூச்சுதான் இருக்கும், ஷெல்ஃபிலேயே பிசுபிசுக்கத் தொடங்கியிருக்கும். யாரிடம் கொடுத்தாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, ஒவ்வொரு பட்டனையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேராக ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கன்சோல், கைப்பிடி. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். அந்தக் கால ரேடியோக்கள் பல, மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது, தொடாதீர்கள். பாகத்தை நெம்ப ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். இருபது வருடக் கிளிப்புகள் உடையும். உடையாது என்று யாராவது சொன்னால் அவர் இதுவரை கழற்றியதில்லை.

கழற்றிய பாகத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் என்றோ, பிசி கூட்டல் ஏபிஎஸ் என்றோ, பிபி என்றோ பொறித்திருக்கும். அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதன் குறியீடு. பெயிண்ட் அடிக்கும்போது இது தேவைப்படும்.

உரிக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எடுத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதமும் வேலை செய்யும், மெதுவாக. அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தில் அவசரப்பட்டு, மீட்டர் வளையம் ஒன்றை அசிட்டோனில் துடைத்தேன். துணியை எடுத்தபோது துணியின் நெசவு அப்படியே வளையத்தில் பதிந்திருந்தது. ஆல்கஹாலையும்கூட முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரியான பாலிகார்பனேட் பாகங்களில் ஊறவிடக் கூடாது, மயிரிழை விரிசல் விழலாம்.

ஜன்னலைத் திற, நைட்ரைல் கையுறை போடு, அருகில் தீப்பொறி கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஐசோபுரோப்பைலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும், அதனால் மறுபடி சொல்கிறேன்.

டிஷ்யூ தாளை ஆல்கஹாலில் நனைத்து பாகத்தின் மேல் ஒட்டவைத்து, ஆவியாகாமல் மேலே உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளை மூடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறட்டும். எடுத்துவிட்டு பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் ஒரே திசையில் தள்ளினால், பூச்சு மென்று துப்பிய பபுள்கம் மாதிரி சுருண்டு வரும். அதைத் தேய்க்காதீர்கள், வழித்து எடுங்கள். தேய்த்தால் கருப்புக் குழம்பு திரும்பவும் பரவி காயும். துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கன்சோலுக்கு ஒரு கட்டுத் துணி காலியாகும். இடுக்குகளுக்கு பல் குச்சியும் பழைய டூத் பிரஷ்ஷும். இரண்டு மூன்று சுற்று ஊறவைக்க வேண்டி வரும். முக்கால்வாசி போனதும் கை வலிக்கும், ‘போதும்’ என்று தோன்றும். மிச்சமிருக்கும் அந்தச் சவ்வுதான் பிறகு பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வரும். விரலை வைத்து எடுத்தால் சத்தமே வராத அளவுக்கு எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மின்பாகம் உள்ளதைக் கழுவக் கூடாது.

இப்போது அப்படியே நிறுத்திவிடலாமா என்று பாருங்கள். பல கார்களில் உள்ளே இருப்பது கருப்பிலேயே வார்த்த பிளாஸ்டிக். கொஞ்சம் மினுக்கு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அதுவே பிடிக்கும். இனி உரிய எதுவுமில்லை. கீறலோ வார்ப்புக் கோடோ சாம்பல் நிறமோ கண்ணை உறுத்தினால் மட்டும் பெயிண்ட்.

பெயிண்டுக்குப் போகிறீர்கள் என்றால் உங்கள் பாலிஷின் சிலிக்கோன் இங்கே பழிவாங்கும். அது மிச்சமிருந்தால் அடித்த பெயிண்ட் குட்டிக் குட்டி வட்டமாக விலகி நிற்கும். மெழுகும் எண்ணெயும் எடுக்கும் கிளீனரால், துணியை மாற்றி மாற்றி இரண்டு தடவை துடையுங்கள். பிறகு 800 நம்பர் வாட்டர் பேப்பரால் மேலோட்டமாகத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர். முதுகில் பிபி என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன், அதில் சாதாரணப் பெயிண்ட் நிற்காது, பெயிண்டைப் பிடித்து நிற்கவைக்க அதற்கென்றே உள்ள அட்ஹீஷன் ப்ரமோட்டர் முதலில் அடிக்க வேண்டும். அதன் மேல் சாட்டின் (லேசான மினுக்குள்ள) கருப்பு, மூன்று மெல்லிய கோட். டேஷ்போர்டின் மேற்பகுதிக்கு மட்டும் முழு மேட், இல்லாவிட்டால் முன் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டும்போது கண் கூசும். ஏர்பேக் மூடியின் மேல் எதுவும் அடிக்கக் கூடாது. அது வடிவமைத்த இடத்தில், வடிவமைத்தபடி கிழிய வேண்டும்.

கைப்பிடி மாதிரி தினமும் கைபடும் பாகத்துக்கு இரண்டு கலவை கொண்ட 2கே கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சுதான் நிலைக்கும். ஆனால் அதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாதது, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த ஒரு கோட்டை மட்டும் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் அடித்து வாங்குங்கள். பழைய உணர்வு வேண்டும் என்று மறுபடி சாஃப்ட் டச் அடிக்கச் சொல்லும் ஆசை வரும். பாலியூரித்தேனில் நீர் தாங்கும் வகைகள் இன்று இருக்கின்றன, உண்மைதான். நான் என் வண்டியில் அடிக்க மாட்டேன்.

டப்பா ஸ்ப்ரே அடித்த பாகம் தொட்டால் காய்ந்ததுபோல் ஒரு மணி நேரத்தில் தோன்றும். ஒரு வாரம் விட்டுத்தான் மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஈரத் துணி தவிர வேறெதுவும் அதில் படக் கூடாது. சானிடைசர் போட்ட ஈரக் கையோடு கதவைத் திறப்பதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலிருப்பது பெரும்பாலும் நீங்கள் உரிக்கப் பயன்படுத்திய அதே ஆல்கஹால், அல்லது அதன் தம்பி எத்தனால்.