அகமதாபாத்தில் இரவு ஒரு மணி

கேள்வி: அக்கா, என் மகளுக்கு அகமதாபாத்தில் ஜவுளி வடிவமைப்புப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மதுவிலக்கு உள்ள ஊர், விளக்கு வைத்ததும் அடங்கிவிடும், பொழுதே போகாது என்று அவளுடைய சிநேகிதிகள் சொல்கிறார்கள். நீங்கள் அங்கே படித்தவர். உண்மையா?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: மதுவிலக்கு உண்மை. 1960இல் குஜராத் தனி மாநிலமானதிலிருந்தே இருக்கிறது. மற்றதை நம்பாதீர்கள், தங்கச்சி. நான் கண்ட மிகக் கலகலப்பான இரவு அந்த ஊரில்தான் வாய்த்தது. குடிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

பழைய நகரத்தில் ஒரு போளில் வாடகைக்கு இருந்தேன். போள் என்பது ஒரே பெரிய வாசலுக்குள் அடங்கிய குறுகலான சந்துகள், செதுக்கு வேலை செய்த மர வீடுகள், பறவைகளுக்குத் தானியம் போட ஓர் உயரமான மேடை. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பழகிய நவராத்திரி பள்ளிக்கூடத்து வாணி விழாதான்: தேவாரம், அவல், கடலை, பொழுது சாய முன்னர் வீடு. இங்கேயோ இரவு பத்து மணிக்கு, நான் பாயை விரித்த பிறகு, வீட்டுக்காரப் பெண்மணி கதவைத் தட்டினார். கையில் கண்ணாடிச் சில்லுகள் தைத்த பாவாடையும் சோளியும். "இந்த நேரத்திலா?" என்றேன். "இப்போதுதானே தொடங்குகிறது" என்றார்.

சந்தின் நடுவில் அம்பா மாதாவின் படம். அதன் முன்னால் துளைகள் இட்ட மண்பானை, உள்ளே எரியும் தீபம். ஆரத்தி முடிந்ததும் ஒரு பாட்டி பாட்டெடுத்தார். மற்றவர்கள் அந்த அடியைத் திருப்பிப் பாடிக்கொண்டே வட்டமாகச் சுற்றத் தொடங்கினார்கள். இதுதான் கர்பா ஆட்டம். முதலில் இரண்டு கைத்தட்டு, மெதுவாக. பிறகு டோல் மேளம் வேகம் பிடித்ததும் மூன்று தட்டு, குனிந்து, நிமிர்ந்து, திரும்பி. கும்மி அடித்துப் பழகிய கைக்குத் தட்டு வந்துவிட்டது. கால்களைத்தான் பக்கத்தில் ஆடிய பத்து வயதுச் சிறுமியிடம் கற்றுக்கொண்டேன். உள்வட்டத்தில் பாட்டிமார், வெளிவட்டத்தில் கல்லூரிப் பெண்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஆடினாள். என்னை எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் விசாரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். நள்ளிரவில் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ஆட்டம் நிற்கவில்லை, தொண்டையும் கையுமே போதுமாக இருந்தன.

அதற்குப் பிறகும் யாரும் படுக்கப் போகவில்லை! கூட்டமாக மாணேக் சவுக்கை நோக்கி நடந்தோம். பகலில் தங்கமும் வெள்ளியும் விற்கும் கடைத்தெரு அது. இரவில் நகைக்கடைகள் கதவடைத்ததும் அவற்றின் வாசலிலேயே அடுப்புகள் ஏறுகின்றன. 1424இல் கட்டி முடித்த ஜாமா மசூதியும் நகரை நிறுவிய அகமது ஷாவின் கல்லறையும் இரண்டு எட்டில் இருக்கின்றன. ஒரு மணிக்கு அந்த இடத்தில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. பாவ் பாஜி தட்டும் கரண்டிச் சத்தம், தூங்கி வழியும் குழந்தைக்குக் குல்ஃபி ஊட்டும் தாத்தா, சீஸ் துருவி மலையாகக் குவித்த அன்னாசி சாண்ட்விச். குவாலியர் தோசை என்று ஒன்று தந்தார்கள், வெண்ணெய் சொட்டச் சொட்ட. நம் வீட்டுத் தோசைக்கு அது உறவே இல்லை. இருந்தும் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு முழு நகரம், மூன்று தலைமுறையாக, ஒன்றாக விழித்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். உங்கள் மகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: இரவில் பெண்பிள்ளைகள் வெளியே போவது பாதுகாப்பா?
- வாசகர், வவுனியா

பதில்: நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் பாவாடை பறக்க ஸ்கூட்டரில் போகும் பெண்களால் சாலை நிறைந்திருக்கும். மற்ற நாட்களையும் அப்படியே நினைக்க வேண்டாம். தெரிந்த குடும்பத்தோடு, அல்லது விடுதித் தோழிகள் நான்கைந்து பேராகப் போகட்டும். திரும்பி வர வண்டியை முன்பே பேசி வைக்கட்டும். குஜராத்தில் பெண்களுக்கான உதவி எண் 181. இன்றே அலைபேசியில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பெரிய மைதானங்களில் பிரபல பாடகர்களோடு கர்பா நடக்கிறதாமே. அதற்கு டிக்கெட் வாங்கலாமா?
- மாணவி, கண்டி

பதில்: ஒரு நாள் போய்ப் பாருங்கள். மேடை, வெளிச்சம், உடைக்குப் பரிசு எல்லாம் இருக்கும். யுனெஸ்கோ 2023இல் கர்பாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்த பிறகு கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். என் மனம் மட்டும் தெருக் கர்பாவின் பக்கம்தான். அதற்குக் காசு இல்லை, மேடை இல்லை, பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை. கரையில் நின்றால் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள்.

வெறுங்காலோடு ஆடுவதால் பாதம் எரியும். வெந்நீரில் கால் வைத்துவிட்டுப் படுங்கள். தசரா அன்று காலையில் ஊரே ஃபாஃப்டா என்ற கடலைமாவுப் பலகாரமும் ஜிலேபியும் வாங்க வரிசையில் நிற்கும், ஆகவே சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.