சுகாதார நிலையத்தின் செலவும் பலனும்: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் 30 படுக்கை வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆண்டுச் செலவைப் போட ரொக்கப் புத்தகம் போதுமா?

பதில்: போதாது. முதல் ஓட்டை மருந்தில் விழும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து வரும் மருந்துக்கு நிலையம் காசு கொடுப்பதில்லை. நிலையத்துக்கு ஒதுக்கிய தொகையைக் காட்டும் பாஸ்புக்கில் கழிவதோடு சரி. இருப்புப் பதிவேட்டை எடுங்கள். ஏப்ரல் 1 இருப்போடு ஆண்டு வரவைக் கூட்டி, மார்ச் 31 இருப்பைக் கழியுங்கள். காலாவதியானதைத் தனியாகக் காட்டுங்கள், ஆனால் செலவிலிருந்து நீக்காதீர்கள். அதற்கும் அரசுப் பணம் போயிருக்கிறது. அடுத்தது அயல்பணி. சம்பளம் இங்கே, வேலை வேறிடத்தில் என்று இருக்கும் செவிலியருக்கு, இங்கே வேலை பார்த்த நாட்களை மட்டும் சேருங்கள்.

கேள்வி: 6 லட்சம் ரூபாய் ஸ்கேன் கருவியை வாங்கிய வருடச் செலவிலேயே எழுதலாமா?

பதில்: கூடாது. விலையை அதன் ஆயுள் முழுக்கப் பரப்ப வேண்டும். ஆயுள் 10 ஆண்டு, டிஸ்கவுன்ட் விகிதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 3% என்றால் காரணி 8.53, அதாவது ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் 10 ஆண்டுக்கு வரும் பணத்தின் இன்றைய மதிப்பு. 6 லட்சத்தை இதால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 70,300 ரூபாய். நன்கொடையாக வந்த கருவிக்கும் சந்தை விலை வைத்து இதே கணக்குதான்.

கேள்வி: டாக்டர் காலையில் ஓபி, மதியம் முகாம், ராத்திரி பிரசவம் பார்க்கிறார். சம்பளத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: இரண்டு முழு வாரத்துக்கு நேரக் குறிப்பு எடுங்கள், பண்டிகை வாரம் வேண்டாம். நோயாளி எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால் பிரசவ அறையின் செலவு மறைந்துவிடும். ஒரே ஒரு தாய்க்காக இரவு முழுக்க ஆள் நிற்க வேண்டியிருக்கிறதே!

கேள்வி: பக்கத்து வட்டாரத்தில் ஒரு நோயாளிக்கு 200 ரூபாய், மலைப்பகுதியில் இருக்கும் எங்களுக்கு 400. நாங்கள் வீண்செலவு செய்கிறோமா?

பதில்: அப்படிச் சொல்வது அநியாயம். நிலையான செலவு ஆண்டுக்கு 1.2 கோடி என்று வைத்துக்கொள்வோம். 300 நாளும் தினம் 200 பேர் வந்தால் தலைக்கு 200 ரூபாய். 100 பேர் வந்தால் 400. இந்த மட்டத்து நிலையத்துக்கு மத்திய அரசின் நெறியே சமவெளியில் 1,20,000 மக்களுக்கு ஒன்று, மலையில் 80,000 மக்களுக்கு ஒன்று என்பதுதான். ஆள் குறைவு என்று தெரிந்தேதான் அங்கே நிலையம் வைக்கிறார்கள். மலையை மலையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: அப்போது பலனை எதை வைத்து அளப்பது?

பதில்: வருகையை வைத்து அல்ல. மாதாமாதம் மாத்திரை வாங்கும் ஒருவர் ஓபி பதிவேட்டில் 12 வருகை. அவருடைய ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே நிற்கிறதா என்பதுதான் பலன். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் போல வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் வேலைக்குக் கூடுதலாக 2,40,000 ரூபாய் ஆகி, கட்டுக்குள் இருப்பவர்கள் 500-லிருந்து 800 ஆனால், கூடியவர்கள் 300 பேர். ஒருவருக்கு 800 ரூபாய். பலரும் 800 பேரால் வகுத்து 300 ரூபாய் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 500 பேர் ஏற்கெனவே கட்டுக்குள் இருந்தவர்கள். நோயாளிக்கு மிச்சமாகும் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் தனிப் பத்தியில் எழுதுங்கள், அரசுச் செலவோடு கலக்க வேண்டாம்.