உங்கள் கேரவனைத் தூக்க எந்த வண்டி வரும்?

கேள்வி: அண்ணாச்சி, வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் டிராவலர் வேன் ஒன்று வாங்கி, உள்ளே படுக்கை, சின்ன சமையல் மேடை, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறேன். நானும் வீட்டுக்காரியும் மாதம் ஒரு தடவையாவது கிளம்பிவிடுவோம். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. வழியில் வண்டி நின்றால் ஆள் வந்து உதவும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் ஏஜெண்ட். வெளியே ஒரு கம்பெனி அதையே வருடச் சந்தாவுக்குத் தருகிறது. என் பாலிசியிலோ ஏற்கெனவே டோயிங் (வண்டியை இழுத்துக்கொண்டு போகும்) செலவு என்று ஒரு வரி இருக்கிறது. இன்னும் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? கட்டினால் எதற்குக் கட்டுவது?
(வாசகர், பெருமாள்புரம்)

பதில்: அண்ணாச்சி, அந்த ஒரு வரியை நம்பிப் பலர் நடுரோட்டில் நின்றிருக்கிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் நாட்டு மோட்டார் பாலிசியின் பொது வாசகத்தில், பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். தனியார் காருக்கு 1,500 ரூபாய், பெரிய வணிக வண்டிக்கு 2,500 ரூபாய். அதுவும் பாலிசி ஏற்றுக்கொள்கிற சேதத்தால் வண்டி நகர முடியாமல் போனால்தான். விபத்து, தீ, வெள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் தேய்ந்தோ பெல்ட் அறுந்தோ டீசல் ஏறாமலோ நின்றால் அது இயந்திரக் கோளாறு. அதற்குப் பணம் கிடையாது என்று அதே பாலிசியின் விலக்குப் பகுதியில் எழுதியிருக்கும். வழியில் வண்டி நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். ஆக, அந்த வரி உங்களுக்கு அநேகமாக உதவாது. தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும்.

என்ன ஏற்பாடு என்று பார்க்கும்போது எல்லோரும் விலையையும், இத்தனை கிலோமீட்டர் இலவசம் என்பதையும்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒரு ஆனி மாதம் நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது, மூன்றடைப்பைத் தாண்டியதும் எங்கள் வேனில் கியர் விழவில்லை. உள்ளே என் அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். காற்று வண்டியையே ஆட்டுகிறது. கார்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒன்றேகால் மணி நேரத்தில் உதவி வந்தது. ஆனால் வந்தது கார் ஏற்றுகிற சின்ன ஃப்ளாட்பெட், அதாவது தட்டையான தளம் உள்ள லாரி. டிரைவர் இறங்கி வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கார்னுல்லா சொன்னாவ, இத நம்ம வண்டி தாங்காது சார்” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. திரும்பக் கூப்பிட்டால், பெரிய வண்டி உங்கள் திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் கைக்காசு போட்டு ஒரு ரெக்கவரி வண்டி பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது ராத்திரி பதினொரு மணி. அம்மா அன்று பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது எடையைத்தான். உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை கிலோவில் இருக்கும். டிராவலர் வகை வேன் ஆள், சாமான், தண்ணீர்த் தொட்டியோடு சேர்ந்தால் காரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அப்புறம் உயரம். மேலே ஏ.சி. வைத்திருந்தால் தரையிலிருந்து அதன் உச்சிவரை டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். ஃப்ளாட்பெட்டின் தளமே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அதன்மேல் உங்கள் வண்டி ஏறினால் ரயில்வே சப்வேயிலும், மின்கம்பி தாழ்ந்த கிராமத்துத் தெருவிலும் நுழைய முடியாது. இந்த இரண்டு எண்ணையும் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதி, ‘இந்த எடையும் உயரமும் உள்ள என் வண்டியைத் தூக்க திருநெல்வேலிப் பக்கம் உங்களுக்கு வண்டி இருக்கிறதா, அது எந்த ஊரில் நிற்கிறது’ என்று கேளுங்கள். போனில் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் வந்தால்தான் அது பதில். மதுரையில்தான் பெரிய ரெக்கவரி வண்டி நிற்கிறது என்றால், அது 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவர வேண்டும். வள்ளியூர்ப் பக்கம் நிற்கும் உங்களுக்கு அது எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் பதிவு விஷயம். பல திட்டங்கள் தனியார் காருக்கு மட்டும் என்று எழுதப்பட்டவை. உங்கள் ஆர்.சி.யில் வண்டி வகை என்னவென்று இருக்கிறதோ, பாலிசியிலும் அதுவே இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை மாற்றியமைத்ததை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்து வாங்கினீர்களா? 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை விருப்பப்படி மாற்றக்கூடாது என்கிறது. ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு வண்டி ஓடினால், டோயிங் மட்டுமில்லை, விபத்துக் க்ளெய்மே சிக்கலாகும். அதைச் சரிசெய்யாமல் அசிஸ்டன்ஸ் வாங்குவது அடித்தளம் இல்லாத வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது போல. படுக்கை, ஃப்ரிட்ஜ் இவற்றின் மதிப்பும் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டருக்கு வருவோம். 50 கிலோமீட்டர் இலவசம் என்றால் எங்கிருந்து எண்ணுகிறார்கள்? வண்டி நின்ற இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரைக்குமா, அல்லது அவர்கள் வண்டி கிளம்பிய இடத்திலிருந்து திரும்பிப் போகும் வரைக்குமா? இரண்டாவது மாதிரி எண்ணினால் 50 என்பது பாதியாகிவிடும். கன்னியாகுமரியில் நின்றுபோய், திருநெல்வேலி ஒர்க்‌ஷாப்புக்கு வர வேண்டும் என்றாலே 80 கிலோமீட்டருக்கு மேல். மிச்சத்துக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ‘பக்கத்து ஒர்க்‌ஷாப்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் பிடித்த மெக்கானிக்கிடம் கொண்டுபோக மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டி புதிதாக இருந்தால் தயாரித்த கம்பெனியே கொடுத்த உதவித்திட்டம் இன்னும் உயிரோடு இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். அந்த வண்டியின் எடை அவர்களுக்குத் தெரியும், அதனால் கார் ஃப்ளாட்பெட் வந்து நிற்கும் தொல்லை குறைவு. அது முடிந்திருந்தால், உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி எடையையும் வண்டி வகையையும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அவர்களிடமே சேருங்கள். தகராறு வந்தால் முறையிட உங்களுக்கு ஒரு வழி கூடுதலாக இருக்கும். அதைக் கீழே வள்ளியூர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மழுப்பினால் பெரிய வண்டிகளுக்கென்று திட்டம் வைத்திருக்கும் தனிக் கம்பெனிக்குப் போகலாம். தனிச் சந்தா சிலவற்றில் பணம் கட்டிய சில நாள் கழித்துத்தான் சேவை தொடங்கும். பயணத்துக்கு முந்தின நாள் வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: தேசிய நெடுஞ்சாலையில் 1033க்குக் கூப்பிட்டால் இலவசமாக கிரேன் வரும் என்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்தச் செலவு அண்ணாச்சி? நாங்கள் அதிகம் போவது பாபநாசம், மணிமுத்தாறு பக்கம்தான்.
(ஆசிரியை ஒருவர், அம்பாசமுத்திரம்)

பதில்: டீச்சர், 1033 நல்ல சேவை. எந்த நேரமும் கூப்பிடலாம். சாலைப்புதூர், நாங்குநேரி டோல்கேட்டுகள் உள்ள நான்குவழிச் சாலையில் வண்டி நின்றால் முதலில் அங்கேதான் கூப்பிட வேண்டும், ஏனென்றால் வேகமாக வரும் லாரிக்கு நடுவே நிற்பதுதான் பெரிய ஆபத்து. ஆனால் அவர்களுடைய முதல் வேலை சாலையை மறிக்காமல் வண்டியை ஓரம் சேர்ப்பது. நீங்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கிவிடுவது அவர்கள் பொறுப்பு இல்லை.

அதைவிட முக்கியம், நீங்கள் போகும் பாதை. திருநெல்வேலியிலிருந்து அம்பை, பாபநாசம் போவது தேசிய நெடுஞ்சாலை இல்லை. தென்காசி போகும் ரோடும் மாநில நெடுஞ்சாலைதான். அங்கே 1033ஐ நம்பி உட்கார முடியாது. உங்களைப் போல மலையடிவாரம் சுற்றுகிறவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் ரொம்பத் தேவை.

செக்போஸ்டுக்கு மேலே கதை வேறு. காரையாறு, மாஞ்சோலைப் பக்கம் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி வேண்டும், செல்போன் சிக்னல் பல இடத்தில் கிடைக்காது. கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்ட பெரிய வேனைத் தூக்க இன்னொரு பெரிய வண்டி ஏறித் திரும்ப இடம் வேண்டும். என் ஆலோசனை, கேரவனை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலே பஸ்ஸில் போய் வாருங்கள். இறக்கத்தில் வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க மட்டும் யாருக்கும் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் துணை விசையும் பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. அவ்வளவு கனமான வண்டியை வெறும் காலால் மிதித்து நிறுத்துவது லேசில்லை.

உதவி நம்பரை போனில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி, டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். அம்பையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ ரெக்கவரி வண்டி வைத்திருக்கும் ஒருவரை முன்னமே பார்த்து, வண்டியின் எடையைச் சொல்லி, நம்பரை வாங்கி வைப்பது எந்தச் சந்தாவுக்கும் குறைந்ததில்லை.

கேள்வி: சந்தா கட்டியிருந்தும் மூன்று மணி நேரம் யாரும் வரவில்லை. நானே கிரேன் பிடித்துப் பணம் கொடுத்தேன். கம்பெனி திருப்பித் தர மறுக்கிறது. என்ன செய்வது?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: தம்பி, முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கூப்பிட்ட நேரம் போனில் பதிவாகியிருக்கும், புகார் எண் குறுஞ்செய்தியில் வந்திருக்கும். கிரேன்காரரிடம் தேதி, இடம், தொகை போட்ட ரசீது வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றே போய் வாங்குங்கள். முன் அனுமதி இல்லாமல் வெளியாளைக் கூப்பிட்டால் பணம் தரமாட்டோம் என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் அவர்கள் சேவையே தரவில்லை என்பதுதான் உங்கள் கட்சி. அதைத் தேதி நேரத்தோடு மின்னஞ்சலில் எழுதி, பதில் கேளுங்கள். இனிமேல் இப்படி ஆனால், வெளியாளைக் கூப்பிடுவதற்கு முன் ‘உங்கள் வண்டி வரவில்லை, நான் வேறு ஏற்பாடு செய்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, விற்றது யார் என்பது. இன்சூரன்ஸ் பாலிசியோடு வந்த சேவை என்றால் முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ வைத்திருக்கும் பீமா பரோசா இணையதளத்தில் பதியலாம், 155255க்குப் போன் செய்யலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

தனிச் சந்தாக் கம்பெனி என்றால் அது இன்சூரன்ஸே இல்லை, ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் தொடங்குங்கள். அதிலும் தீரவில்லை என்றால் திருநெல்வேலியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள் தம்பி, மூன்று மணி நேரம் ரோட்டில் நின்றது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி: உவரிக் கடற்கரையில் ராத்திரி தங்கினோம். காலையில் பார்த்தால் சக்கரம் மணலில் புதைந்திருந்தது, வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை. இதற்கெல்லாம் உதவி வருமா?
(வாசகர், திசையன்விளை)

பதில்: மணலில் புதைந்ததைப் பல திட்டங்கள் பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை. வண்டி ஓடக்கூடிய ரோட்டில் நின்றால்தான் வருவோம் என்று எழுதியிருப்பார்கள். கடற்கரையும் தேரிக்காடும் அதில் சேராது. தார் ரோட்டு ஓரமாகவே நிறுத்துங்கள்.

ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அநேகமாக ஃப்ரிட்ஜும் ஃபேனும் எஞ்சின் பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க ஓடியதுதான். வீட்டுச் சாமான்களுக்குத் தனி பேட்டரி வைத்து, இரண்டையும் பிரிக்கும் ஐசொலேட்டர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. வெளி பேட்டரியை இணைத்து வண்டியைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட் சேவை எஞ்சின் பேட்டரிக்கு மட்டும்தான், அதுவும் வருடத்துக்கு இத்தனை தடவை என்று எண்ணிக்கை உண்டு. எப்போதாவது வண்டியைத் தூக்கும் நிலை வந்தால், அதற்கு முன் கேஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டால் எடையும் குறையும்.